நாலும் ஆறும் சந்திக்காத வீடு

மீச்சிறு பொது மடங்கை நான் மூன்று சனிக்கிழமைகள் சொல்லிக்கொடுத்தேன். முதல் சனிக்கிழமை சொன்னதில் ஒரு தப்பு இருந்தது. அது எனக்கு இரண்டாம் சனிக்கிழமைதான் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தது ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்.

நான் பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் கட்டட வரைபடங்கள் வரையும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் கணக்கு வகுப்பு நடக்கிறது. அதை ஆரம்பித்தவள் என் தோழி. பிரசவத்துக்குப் போகும்போது, "ரெண்டு மாசம் மட்டும் பாத்துக்கடி" என்று என்னிடம் ஒப்படைத்தாள். அந்தக் குழந்தை இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறது. நான் இன்னும் சனிக்கிழமைதோறும் காரை எடுத்துக்கொண்டு போய்வந்துகொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் பதினான்கு பிள்ளைகள். பெரும்பாலானவர்களின் அப்பா அம்மாவுக்கு அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை. இரண்டு பிள்ளைகள் மட்டும் கேரி தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து வேனில் வருவார்கள். மேசை நாற்காலி கிடையாது. பாய் விரித்து உட்காருவோம். வெள்ளைப் பலகை ஒன்று உண்டு, அதன் ஒரு கால் கொஞ்சம் குட்டை.

பிள்ளைகளுக்குப் பின்னம் கூட்டுவதில்தான் தகராறு. காலும் ஆறில் ஒன்றும் கூட்டச் சொன்னால், பகுதிகளைப் பெருக்கி இருபத்துநான்கு என்று போடுவார்கள். பத்தின் கீழ் இருபத்துநான்கு என்று விடை வரும். அதைச் சுருக்க மறந்துவிடுவார்கள். பன்னிரண்டே போதும் என்று சொன்னால், "அது எங்கேருந்து வந்துச்சு டீச்சர்?" என்பார்கள். நியாயமான கேள்வி. நான் படித்த காலத்தில் அது ஒரு ஏணிப்படி மாதிரி வகுத்தல். இரண்டால் வகு, மூன்றால் வகு, ஓரத்தில் இருப்பதைப் பெருக்கு. விடை வந்துவிடும். ஆனால் அந்த விடை என்ன சொல்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் பிள்ளைகளைக் கைதட்ட வைத்தேன். இடப்பக்கம் ஏழு பேர், வலப்பக்கம் ஏழு பேர். எல்லோரும் சேர்ந்து ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். இடப்பக்கம் நாலு எண்ணுக்கு ஒரு தட்டு, வலப்பக்கம் ஆறு எண்ணுக்கு ஒரு தட்டு. நாலில் இவர்கள், ஆறில் அவர்கள், எட்டில் இவர்கள். பன்னிரண்டில் பதினான்கு பேரும் ஒன்றாகத் தட்டியபோது மண்டபத்து ஓட்டில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. மறுபடி இருபத்துநான்கில். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். இவ்வளவு எளிதாக ஒரு விஷயத்தை நான் அதுவரை யாருக்கும் புரியவைத்தது இல்லை.

வகுப்பு முடியும் நேரத்தில், "உங்க வீட்டுல இந்த மாதிரி எதாவது இருக்கா? இத்தன நாளைக்கு ஒருக்கா வர்ற மாதிரி?" என்று கேட்டேன். ஒருவன் குப்பை லோரி என்றான். இன்னொருத்தி பசார் மாலாம், வாரத்துக்கு ஒருநாள் சந்தை, என்றாள். அப்போது சன்னலோரப் பாயில் உட்காரும் ஒரு பெண் கையைத் தூக்கினாள். நன்றாகப் படிப்பவள்தான். ஆனால் தானாகக் கை தூக்கிப் பார்த்ததில்லை.

"எங்க அம்மாக்கு நாலு நாளைக்கு ஒரு ஆஃப் டீச்சர். மூணு நாள் வேல, ஒரு நாள் ஆஃப். அப்பாக்கு அஞ்சு நாள் வேல, ஒரு நாள் ஆஃப். ஆறு நாளைக்கு ஒருக்கா."

நான் கேட்டு வாங்கியது போல நாலும் ஆறும் வந்து நின்றன. விடுவேனா? பலகையில் எழுதி, அடியில் கோடு போட்டேன். "அப்படின்னா பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுல இருப்பாங்க. பாத்தீங்களா? இதுதான் மீச்சிறு பொது மடங்கு!"

அவள் தயங்கினாள். "இல்ல டீச்சர். இருக்க மாட்டாங்க."

"ஏன்?"

"ஒரு தடவகூட இருந்ததில்ல."

"நீ கவனிச்சிருக்க மாட்ட. நாள்காட்டில குறிச்சுக்கிட்டு வா. வந்து சொல்லு."

அவள் சரி என்று தலையாட்டினாள். நான் காரோட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, மளிகைக்கடையில் கொடுக்கும் பெரிய நாள்காட்டியிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் ஆஃப் சிவப்பு வட்டம், அப்பாவினுடையது நீலக் கட்டம். அம்மாவுக்கு மூன்று, ஏழு, பதினொன்று, பதினைந்து. அப்பாவுக்கு இரண்டு, எட்டு, பதினான்கு, இருபது. நான் விரல் வைத்து இறங்கினேன். ஒரு வட்டத்துக்குள்ளும் கட்டம் இல்லை. அடுத்த மாதத் தாளையும் பார்த்தேன். அங்கும் இல்லை.

"மொத மாசம் அம்மாக்கு எல்லாம் ஒத்தப்பட, அப்பாக்கு ரெட்டப்பட டீச்சர். அடுத்த மாசம் அம்மா ரெட்டப்படைக்கு மாறிடுறாங்க. சரி, இப்ப சேந்துடும்னு பாத்தேன். ஆனா அப்பா ஒத்தப்படைக்குப் போயிட்டாரு." அவள் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். "வரவே வராது டீச்சர்."

பதின்மூன்று பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "டீச்சர் இத வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாத்துட்டு வரேன்" என்று தாள்களை மடித்து வைத்துக்கொண்டேன். கேரி தீவுப் பையன் ஒருவன், "டீச்சருக்கும் ஹோம்வர்க்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கிளம்பும்போது அவளிடம் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்தேன். அம்மா கையுறை செய்யும் தொழிற்சாலையில் பேக்கிங். விடிகாலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ், திரும்ப இரவு எட்டாகிவிடும். அப்பா ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்கு மத்தியான ஷிப்ட். இரண்டு மணிக்குப் போனால் அவர் வரும்போது அம்மா தூங்கியிருப்பாள். அம்மா எழுந்து போகும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். அம்மா இந்த வேலையில் சேர்ந்து ஐந்தாறு மாதம். அதிலிருந்து இப்படித்தான். தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் லீவு கிடைக்கும், அதைத்தான் நம்பியிருக்கிறாள்.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வெளியே போகாமல் மேசையிலேயே உட்கார்ந்து அந்தத் தாள்களை விரித்தேன். வரைபடத் தாள் ஒன்றில் நீளமாகக் கோடு இழுத்து நாட்களைக் குறித்தேன். மாதத்தை விட்டுவிட்டுத் தொடர்ந்து எண்ணினால் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. நாலும் இரட்டைப்படை, ஆறும் இரட்டைப்படை. ஒற்றைப்படையில் ஆரம்பித்த அம்மா எத்தனை நாலு கூட்டினாலும் ஒற்றைப்படையிலேயே நிற்பாள். இரட்டைப்படையில் ஆரம்பித்த அப்பா இரட்டைப்படையை விட்டு நகரவே மாட்டார். பன்னிரண்டு நாள் இல்லை, பன்னிரண்டு வருடம் ஆனாலும் சேராது.

கைதட்டலில் நான் செய்தது என்ன? இரண்டு பக்கத்தையும் ஒரே நொடியில் எண்ணத் தொடங்க வைத்தேன். சேர்ந்து ஆரம்பித்தவர்கள் பன்னிரண்டில் சேர்ந்தார்கள். அந்த அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஆரம்பிக்கவில்லை. இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதது மட்டுமல்ல, அந்த வீட்டில் வாழ்கிற பிள்ளை "இல்ல" என்று சொன்னபோது, நீ கவனித்திருக்க மாட்டாய் என்று சொன்னேன். அதை நினைத்தபோதுதான் அதிகம் உறுத்தியது. அன்று மத்தியானம் ஒரு மாடிப்படியின் அளவைத் தவறாகப் போட்டு, மறுபடி வரைந்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியதும் சொல்லிவிட்டேன். "மொத வாரம் டீச்சர் சொன்னது தப்பு. இவ சொன்னதுதான் சரி." அவள் பாயின் நுனியைத் திருகிக்கொண்டு குனிந்துகொண்டாள். மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடி கைதட்டல். இந்தத் தடவை வலப்பக்கத்தை ஓர் எண் தாமதமாக ஆரம்பிக்கச் சொன்னேன். இடப்பக்கம் நாலு, எட்டு, பன்னிரண்டு. வலப்பக்கம் ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது. எண்ணிக்கொண்டே போனோம். முப்பது, நாற்பது, ஐம்பது. தட்டுகள் ஒன்றையொன்று நெருங்கி வரும், உரசுவது போல வந்து விலகிப் போய்விடும். பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. "நூறு வரைக்கும் பாக்கலாம் டீச்சர்!" என்றார்கள். பார்த்தோம். நூறுவரை ஒரு தட்டுகூடச் சேரவில்லை. தொண்டை கட்டிப்போய் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏன் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள். "ரெண்டும் ரெட்ட நம்பர். அதான் ஒத்தப்படைல ஆரம்பிச்சது ஒத்தப்படையிலயே போவுது."

"கரெக்ட்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். பிறகு, "அப்ப அப்பா ஒரே ஒரு நாள் தள்ளிப் போனா போதும்ல டீச்சர்?" என்றாள்.

"போதும். அதுக்கப்புறம் பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா வந்துக்கிட்டே இருக்கும்." இந்த முறை வரைபடத் தாளில் சரிபார்த்த பிறகுதான் சொன்னேன்.

நான் அதைக் கணக்காகத்தான் சொன்னேன். அவள் அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் வகுப்பு முடியும்போது வாசலில் ஒருவர் கையில் ஹெல்மெட்டுடன் நின்றிருந்தார். நெடுநெடுவென்று உயரம், தூக்கம் போதாத கண்கள். அவளுடைய அப்பா. பிள்ளைகள் கலைந்து போகும்வரை ஒதுங்கி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"டீச்சர், புள்ள ஒரு கணக்கு காட்டுச்சு. நாங்க எப்பவும் சேந்து ஆஃப் எடுக்க முடியாதுன்னு சொல்லுது. உண்மையா?"

"உண்மைதாண்ணே. இப்ப இருக்கிற மாதிரி போனா முடியாது."

அவர் ஹெல்மெட்டைப் பாயில் வைத்தார். "எங்க வீட்டுல, நமக்கு நேரம் சரியில்லங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். கோயிலுக்கு நேந்துகூட வச்சிருக்கு. நானும் அப்படித்தான் நெனச்சேன். அடுத்த மாசம் சேந்து மாட்டும், அடுத்த மாசம் மாட்டும்னு."

மத்தியான ஷிப்டில் ஆறு குரூப் என்றார். ஏ-யிலிருந்து எஃப் வரை. ஒவ்வொரு நாளும் வரிசையாக ஒரு குரூப்புக்கு ஆஃப். இவர் பி. நான் பலகையில் ஆறு குரூப்பையும் எழுதினேன். அவருடைய மகள் மார்க்கரை என் கையிலிருந்து வாங்கி, ஏ, சி, ஈ மூன்றையும் சுற்றி வட்டம் போட்டாள்.

"சி-தான் ஆகணும்னு இல்லப்பா. இந்த மூணுல எதுவா இருந்தாலும் அம்மாவோட சேரும்."

"சூப்பர்வைசர்கிட்ட போய் நிக்கணும் டீச்சர். தப்பா இருந்தா அசிங்கமாப் போயிடும்லா. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு வந்தேன்."

மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து, மூன்று குரூப்பையும் இரண்டு மாதத்துக்கு எழுதிப் பார்த்தோம். சரியாக இருந்தது. அவள் ஒரு புதுத் தாளில் எல்லாவற்றையும் அழகாகப் படியெடுத்து, சூப்பர்வைசருக்குப் புரியும்படி மலாயில் தலைப்பும் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டாரில் ஏறினார். அவளைப் பின்னால் உட்காரவைத்து, தன் ஹெல்மெட்டை அவளுக்கு மாட்டினார். பிறகு ஞாபகம் வந்தது போல இருக்கைக்கு அடியிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தனக்கு மாட்டிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. சூப்பர்வைசர் முடியாது என்று சொல்லிவிட்டால்? தெரியாமல் இருந்தபோது அந்த வீட்டில் அடுத்த மாதம் மாட்டும் என்ற நம்பிக்கையாவது இருந்தது. நான் கைதட்டிக் கைதட்டி அதையும் எடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. ரயிலடிப் பக்கம் நடக்கும்போதும், காப்பிக்கு வரிசையில் நிற்கும்போதும் அதே நினைப்பு.

சனிக்கிழமை அவள் எனக்கு முன்பே வந்து மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் கார் கதவை மூடும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"கெடச்சிருச்சு டீச்சர்! ஈ குரூப்!"

சூப்பர்வைசர் முதலில், ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாராம். இல்லை, எந்தக் கிழமை ஆனாலும் பரவாயில்லை என்று அப்பா தாளைக் காட்டினாராம். சூப்பர்வைசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை யார் எழுதியது என்று கேட்டாராம். மகள் என்றதும், மாற்றிக்கொள்ள ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வா, எனக்கு ஆட்சேபணை இல்லை என்றாராம். ஈ குரூப்பில் ஒரு நேப்பாளக்காரர் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஊரில். "எனக்கு எந்த நாளா இருந்தா என்னா, ஒண்ணுதான்" என்று சொன்னாராம்.

"அப்பா வீட்டுக்கு வந்து இதச் சொன்னாரு." என்றாள். "அடுத்த நாளு அம்மா அந்த அங்கிளுக்குக் கோழிக்கறி செஞ்சு அப்பாகிட்ட குடுத்துவிட்டாங்க."

இரண்டு ஆஃபும் சேரும் முதல் நாள் ஒரு புதன்கிழமை வந்தது. அந்தப் புதன்கிழமை அலுவலகத்தில் எனக்கு நிறைய வேலை. ஆனாலும் மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். பள்ளி விட்டு அவள் வீட்டுக்குப் போயிருப்பாள்.

சனிக்கிழமை, "எப்படி இருந்துச்சு? எங்க போனீங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல டீச்சர். அப்பா வாஷிங் மெஷினக் கழட்டிப் போட்டுட்டாரு. அம்மா சமைக்கணும், அவரு வழியில ஒக்காந்திருக்காரு. நல்லா ஓடிக்கிட்டு இருந்தத ஏன் கழட்டினீங்கன்னு அம்மா. சத்தம் வருதுன்னு அப்பா. அப்புறம் ஃபேன் வேகத்துக்கு ஒரு சண்ட. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டே இருந்தாங்க!"

அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அந்த வீட்டில் சண்டை போடுவதற்குக்கூட அதுவரை நேரம் கிடைத்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு அதுவும் போதவில்லை. பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வருவது சரி, ஆனால் அது பள்ளி நாளாக இருந்தால் பாதி நாள் போய்விடுகிறதே. வாரத்துக்கு ஏழு நாள். பன்னிரண்டையும் ஏழையும் தானே எடுத்துப் பார்த்திருக்கிறாள். எண்பத்துநான்கு. அதற்குள் ஏழு முறை சேருகிறார்கள், ஏழும் வெவ்வேறு கிழமை. ஆக, ஒரு சனி, ஒரு ஞாயிறு நிச்சயம். நான்கு, ஆறு, ஏழு மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிப்பது எப்படி என்று நான் இன்னும் நடத்தவில்லை. அவள் வந்து பலகையில் எழுதி மற்றவர்களுக்குச் சொன்னாள். நான் பாயில் உட்கார்ந்து கேட்டேன். ஏணிப்படி மாதிரி வகுத்தலையும் அன்றுதான் கடைசியில் காட்டினேன். இது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது முறையிலேயே வந்துவிட்டது. முந்தின வாரம் அவளுடைய அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். அதுதான் நான் அவர் குரலைக் கேட்ட முதல் தடவை.

"டீச்சர், வர்ற சனிக்கிழம புள்ள கிளாஸுக்கு வராது. கோவிச்சுக்காதீங்க. மோரிப் பீச்சுக்குப் போலாம்னு இருக்கோம்."

"நான் எதுக்குக்கா கோவிச்சுக்கப் போறேன். நல்லாப் போயிட்டு வாங்க."

"எங்களுக்கு அமையலன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன் டீச்சர்." பின்னால் குக்கர் விசிலடித்தது. வைக்கிறேன் டீச்சர் என்று வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. மூன்று பேரும் கரையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார், அப்பாவின் தோளில் ஒரு துண்டு. அவர்களுக்குப் பின்னால் கடலைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, அதற்கப்பால் எங்கோ ஒரு சாம்பல் கோடு. தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறார்கள்.

அடுத்த வகுப்பில் அவள் புகார் சொன்னாள். மாற்று உடையெல்லாம் எடுத்துக்கொண்டு போய், கால்கூட நனைக்க முடியவில்லையாம். பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு, அப்பா சுவரிலேயே படுத்துத் தூங்கிவிட்டாராம். மூன்று மணி நேரம் காத்திருந்தும் கடல் பாதிதான் வந்ததாம்.

"கடல் எத்தன மணி நேரத்துக்கு ஒருக்கா வரும் டீச்சர்? பன்னெண்டா?"

பன்னிரண்டு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "சரியாத் தெரியலம்மா" என்றேன். "நான் பாத்துட்டு வந்து அடுத்த வாரம் சொல்றேன்."

அவள் தலையாட்டிவிட்டு, தன் பாயில் போய் உட்கார்ந்துகொண்டாள்.